குளிச்சிட்டு வந்து சொல்லுங்க

சுடுதண்ணி அக்கா ஹீட்டர் சரிசெய்த வீட்டில் அன்று யாராவது ஒருவர் குளித்தே ஆக வேண்டும். மத்தியான வெயிலாக இருக்கட்டும், வீட்டார் எல்லாரும் காலையிலேயே குளித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்திருக்கட்டும், அவர் விடமாட்டார். ஸ்விட்சைப் போட்டுச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்ததும் சாமான்களைப் பைக்குள் வைப்பார். பிறகு கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்ப்பார். பார்வை யார்மேல் நிற்கிறதோ அவரிடம், "போய்க் குளிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்பார். அந்த ஆள் குளித்துவிட்டு வரும்வரை குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நிற்பார்.

வில்லியனூர் கடைத்தெருவில் அப்போது நான் பைப்பும் மோட்டாரும் மின்சாரச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தேன். ஹீட்டர் ரிப்பேர் என்று யார் வந்து நின்றாலும் அக்காவைத்தான் அனுப்புவேன். ஆண்பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பெண்கள் தயங்காமல் கதவைத் திறந்து குளியலறைவரை விடக்கூடிய ஒரே மெக்கானிக் அவர்தான். அதனால் அவரைப் பற்றிய புகார்களும் என் கல்லாவுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். "இன்னா ஆளபா அனுப்புன? எங்க அத்தைய ஒரே நாள்ல ரெண்டு வாட்டி குளிக்க வச்சிட்டுப் போயிருக்குது அந்தம்மா" என்று ஒரு மருமகள் வந்து சண்டை போட்டாள். அத்தைக்கு மறுநாள் சளி பிடித்துக்கொண்டதாம். சுடுதண்ணீரில் குளித்தால் எப்படிச் சளி பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரனுக்குக் காது இருந்தால் போதும், வாய் கூடாது.

அக்காவுக்குப் பெயர் என்று ஒன்று ரேஷன் அட்டையில் இருந்திருக்கும். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குள்ளம், நல்ல கனம். சேலைக்கு மேல் எப்போதும் ஒரு நீலச் சட்டை. மகள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போன கரடிப் பொம்மை போட்ட பைதான் சாமான் பை. டெஸ்டரை மட்டும் பைக்குள் வைக்கமாட்டார், கொண்டையில் செருகியிருப்பார். கோயிலுக்குப் போகும்போதும் அது அங்கேயே இருக்கும். பூ வைத்த நாளில் பூவுக்கு மேலே அதன் மஞ்சள் பிடி தெரியும்.

குளித்துவிட்டு வருகிறவர் "நல்லா இருக்குது" என்று சொல்வதை அவர் நம்பமாட்டார். சொல்லச் சொல்வதும் அவரே, நம்பாததும் அவரே. உள்ளேயிருந்து வரும் சத்தம்தான் அவருக்குச் சாட்சி. முதல் சொம்புக்கு 'ஸ்ஸ்' என்று வந்தால் தண்ணீரில் சூடு பற்றவில்லை. 'ஆ' என்று வந்தால் கொதிக்கிறது. சரியான சூட்டில் குளிக்கிற மனிதர் நாலைந்து சொம்புக்குள் தன்னை மறந்து முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். அது பாட்டாக இருக்கலாம், ஜெபமாக இருக்கலாம், பங்காளியைத் திட்டுவதாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் அக்காவுக்குச் சம்மதம். "வாய் தானா தொறக்கணும் தம்பி, அப்பத்தான் வேல முடிஞ்சிது" என்பார்.

இந்த விஷயம் தெரிந்த ஒரு தமிழ் வாத்தியார் அவரை ஏமாற்றப் பார்த்தார். ஏற்கெனவே குளித்திருந்ததால், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வேட்டி நனையாமல் சொம்பு சொம்பாகத் தரையில் ஊற்றியபடி ஒரு பழைய பாட்டையும் பாடினார். வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சார், பாட்டு நல்லாத்தான் வருது. தண்ணிதான் தரையில வுழுவுது. மேல ஊத்துங்க." உடம்பில் விழுந்து தரைக்குப் போகிற தண்ணீருக்கு இரண்டு சத்தம் உண்டாம். வாத்தியார் அன்றைக்கு இரண்டாம் முறை குளித்தார். என் கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார்.

அக்காவும் சறுக்கியதுண்டு. மாதா கோயில் தெருவில் மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அவர் வீட்டு ஹீட்டரைச் சரிசெய்துவிட்டு அக்கா கதவோரம் நின்றிருக்கிறார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றி மறுபடி குளிக்க வைத்தார். அப்போதும் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு தெர்மோஸ்டாட் கேட்டு வந்து நின்றபோது எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. கடைசியில் விடுமுறைக்கு வந்த பெரியவரின் மகள்தான் விஷயத்தை உடைத்தாள். அவளுடைய அப்பா தன் கல்யாணத்தன்றுகூட யாரிடமும் வாய் திறந்து பேசவில்லையாம். இதைக் கேட்டால் வேறு யாரும் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பார்கள். அக்காவோ, "அப்ப இந்த வேல இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து, தெருவில் போன அக்காவைப் பெரியவரே வாசல் கேட்டருகே வந்து நிறுத்தி, "சூடு சரியா இருக்குதும்மா" என்றிருக்கிறார். அக்கா நேரே என் கடைக்கு வந்து, மாதா கோயில் தெரு வேலை இன்றைக்கு முடிந்தது என்று அறிவித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, இரண்டு டீ வாங்கிவரச் சொன்னேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். திருவாண்டார்கோயில் பக்கம் ஹீட்டர் தொட்டி செய்கிற ஒரு கம்பெனியில் அவர் பல வருஷம் வேலை பார்த்தவர். அந்த நீலச் சட்டையும் அங்கே கொடுத்ததுதான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முத்திரை குத்தி அனுப்புவது அவர் வேலை. "எத்தினி தொட்டி, எந்தெந்த ஊருக்கோ போச்சி. எல்லாத்துலயும் ஓகேன்னு குத்துனேன். ஒருத்தரு குளிச்சிகூட நான் பாத்ததில்ல தம்பி" என்றார். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் பாக்கிச் சம்பளத்துக்கு நின்றார்கள். அக்காவும் நின்றார், ஆனால் அவர் குறை இதுவாகவும் இருந்தது.

பாகூர் சொல்தா கடைக்கு வந்தபோது, என்னடா புது வம்பு என்றுதான் நான் நினைத்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். இவர் பாகூர் ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். ஊர்ப்பெரியவர்கள் நிலம் வாங்குவார்கள், இவர் பாய்மரப் படகு வாங்கினார். அதுவும் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய படகு. சுண்ணாம்பாற்றில், கடல் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிவைத்திருந்தார். அதில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் ஒழுகுகிறது, ஆள் வேண்டும் என்றார். பாய்மரப் படகில் ஹீட்டரா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை. "அதுல குளிக்கப் போறது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

சொல்தா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். குளிக்க வேண்டியவர் அவருடைய வீட்டம்மா. அவர் வரமாட்டேன் என்பதுதான் சங்கடம். அப்படியானால் படகைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். என் மினி வேனிலேயே பாகூர் போனோம்.

அந்த அம்மா ஏம்பலத்தில் பிறந்தவர். நெல்லும் கரும்பும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் என்றாலே ஆகாது. 'உனக்குக் குளிக்கச் சுடுதண்ணிகூட இருக்குது' என்று ஆசை காட்டித்தான் சொல்தா அவரை முதல் தடவை படகில் ஏற்றியிருக்கிறார். அன்றைக்கே படுக்கைக்கு அடியிலிருந்த ஹீட்டர் தொட்டி ஒழுகி, மெத்தை நனைந்து, பட்டுச்சேலை வைத்திருந்த பையும் ஊறிப்போய்விட்டது. "அந்தக் குளுரு தேசத்துல அத்தினி வருசம் இருந்தேன். ஒரு நாளு பச்சத்தண்ணி மேல பட்டதில்ல. இங்க வந்து படகுல நனைஞ்சிகினு நிக்கணும்னு எனக்கு இன்னா தலையெழுத்து?" என்றார். சென்னையிலிருந்து ஒருவர் சனிக்கிழமை படகை விலைபேச வருகிறாராம். அதற்கு முன்னால் அந்த அம்மா இன்னும் ஒரே ஒரு தடவை ஏறுவாராம். சொன்னபடி சுடுதண்ணீர் இருந்தால் படகு இருக்கலாம், இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். இதுதான் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு. சொல்தா முற்றத்து வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த பொம்மையைப் பிடுங்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

அக்கா யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கெழம எண்ண தேச்சிக்கினு வாங்கம்மா. எண்ண போற அளவுக்குச் சூடு வரலன்னா நானே வித்துடச் சொல்றேன்" என்றார்.

ஹீட்டரையே இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் நல்லெண்ணெய்க் குளியலுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

பிறகு சுண்ணாம்பாற்றுக்குப் போனோம். படகு ஆடியபோது அக்கா என் தோளை விடவில்லை. அவருக்கும் தண்ணீர்மேல் அதுதான் முதல் தடவை. கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே குனிந்து, படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். வீட்டு ஹீட்டர் சுவரில் நிற்கும், இது படுத்துக்கிடந்தது. எஞ்சின் ஓடும்போது அதன் சூட்டுத் தண்ணீர் ஒரு செப்புச் சுருளுக்குள் போய்வரும், அந்தச் சூட்டில் தொட்டியில் உள்ள குளிக்கிற தண்ணீர் காயும். சொல்தா இதை விளக்கியபோது அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கரண்டே வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். தொட்டியின் அடி, துருவேறி அரித்துப்போயிருந்தது. முன்னால் யாரோ பசையை அப்பி வைத்திருந்தார்கள். மறுபடி ஒட்டுப்போட்டால் ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இடம் விட்டுவிடும், புதுத் தொட்டிதான் வழி என்று சொல்லிவிட்டார்.

திருவாண்டார்கோயிலில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அங்கே அதே அளவில் ஸ்டீல் தொட்டி செய்து, பழைய செப்புச் சுருளைக் கழற்றி அதற்குள் பொருத்தினார்கள். அக்கா பக்கத்திலேயே நின்று தண்ணீர் நிரப்பிப் பார்த்தார். ஒழுகவில்லை. பட்டறைக்காரர் விளையாட்டாக, "ஓகே குத்திடலாமா?" என்று கேட்டதற்கு, "இன்னும் குளிக்கலியே" என்றார்.

புதன்கிழமை அதைப் படகில் மாட்டினார். வீட்டுக்குப் போடுவதுபோலவே நேர் நேராகப் பைப் வெட்டி, வளைவுகளுக்கு எல்போ வைத்து, அழகாக ஒட்டியிருந்தார். அப்படி ஒரு சுத்தமான வேலை. எஞ்சினைப் போட்டுச் சொல்தா படகை ஆற்றில் கொஞ்ச தூரம் விட்டார். எதிரே மீன்பிடிப் படகு ஒன்று வேகமாகப் போனது. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு இப்படியும் அப்படியும் புரண்டது. படுக்கைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். எல்போ விட்டுப்போய், மறுபடி மெத்தை நனைந்தது. சொல்தா மேல்தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தெரியாத வேலையில் இறங்கிவிட்டோம் என்று அக்காவின் மேல் கோபமும் வந்தது.

அக்கா அந்த ஈரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து விட்டுப்போன எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த வூடு தம்பி ஆடுது? ஆடாத வூட்டுக்குப் பைப்பு போட்டே பழகிட்டேன். இது ஆடுற வூடு. பைப்பும் கூட ஆடணும்" என்றார். அவ்வளவுதான். அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாரிச் சாமான் கடைக்குப் போய், ரேடியேட்டருக்குப் போடுகிற கெட்டியான ரப்பர் குழாய் வாங்கி, அதைக் கொஞ்சம் தொய்வு விட்டு வளைத்து மாட்டி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போட்டு முறுக்கினார். பிறகு படகை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்றார். ஆற்றில் அலை இல்லை. அதனால் என்னையும் சொல்தாவையும் மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடச் சொன்னார். பட்டாளத்துக்காரர் ஒருவரும் தொந்தி விழுந்த கடைக்காரன் ஒருவனும் கட்டிப்போட்ட படகில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைக் கரையில் போட் சவாரிக்கு வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ செல்போனில் படம்கூட எடுத்தார்கள். கீழேயிருந்து அக்கா, "இன்னும் வேகமா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சந்தோஷத்தில் நானே குளித்துக் காட்டுகிறேன் என்றேன். "உனுக்கா வச்சிருக்குது?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, மேலே ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் மாற்றுத்துணிப் பையும் ஒரு டப்பாவில் சீயக்காயும் கிண்ணத்தில் மிச்ச எண்ணெயுமாக வந்து இறங்கினார். முகத்தில் கொஞ்சமும் சிரிப்பு இல்லை. படகுக்குள் கால் வைத்ததும் நேரே மெத்தையைத்தான் தொட்டுப் பார்த்தார். சொல்தா எஞ்சினைப் போட்டார். கட்டிப்போட்ட படகிலும் தண்ணீர் காயும்தான், ஆனால் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற படகில், ஆடுகிற படகில் வந்தால்தான் அது சுடுதண்ணீர் என்றார். சொல்தாவுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை வேறென்ன இருக்கும். பாய் இரண்டையும் சுருட்டிவைத்த பாய்மரப் படகு, எஞ்சின் சத்தத்தோடு ஆற்றில் நகர்ந்தது. தண்ணீர் காய்ந்ததும் அக்கா வழக்கம்போல, "போய்க் குளிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றார். அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா எலுமிச்சம்பழத்தோடு கதவோரம் சாய்ந்துகொண்டார். நான் மேலே, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. முதல் அலை தூக்கிப் போட்டபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். சொல்தாவின் கண் கடலில் இல்லை, கீழே போகிற படிக்கட்டில் இருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். 'ஸ்ஸ்' இல்லை. 'ஆ' இல்லை. நின்றது, மறுபடி விழுந்தது. அப்புறம் மெல்ல ஒரு முணுமுணுப்பு கேட்டது. நடவு வயலில் பாடுகிற மாதிரி இழுத்து இழுத்து ஒரு பாட்டு. வார்த்தை புரியவில்லை. சொல்தா என்னைப் பார்த்தார். "இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்லபா. இத்தினி வருசத்துல" என்றார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

கீழேயிருந்து அக்கா, "வேல முடிஞ்சிது தம்பி" என்று சொன்னார்.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு மேலே வந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். கரை ஒரு பச்சைக் கோடாகத் தூரத்தில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர். திட்டு விழப்போகிறது என்று நானும் சொல்தாவும் காத்திருந்தோம். அவர் கடலை ஒரு சுற்று பார்த்தார், கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக் காற்றுக்கு விரித்தார். பிறகு படிக்கட்டில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"உங்க வூட்ல இன்னாம்மா ஹீட்டரு போட்டிருக்க?" என்று கேட்டார்.

அக்கா சிரித்தார். "எனுக்கு எதுக்கும்மா? கொழாயத் தொறந்தா பச்சத்தண்ணி. அதுவே போதும்."

அத்தனை வருஷம் அவருக்கு எலிமெண்டும் தெர்மோஸ்டாட்டும் விற்றவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். அக்காவின் கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி என்னிடம் நீட்டினார். கொண்டையை அவிழ்த்து, உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்தார். மாற்றுத்துணி இல்லை என்று அக்கா தப்பிக்கப் பார்த்தார். அந்த அம்மா பையிலிருந்து தன் நைட்டியையும் துண்டையும் எடுத்துக் கையில் திணித்து, "போய்க் குளிச்சிட்டு வந்து சொல்லு" என்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு அக்கா நிற்கிற அதே மாதிரி, கதவோரம் சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதன் பிடியிலும் எண்ணெய் ஏறியிருந்தது. உள்ளே முதல் சொம்பு விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. மாதா கோயில் தெருப் பெரியவர் ஞாபகம் வந்து எனக்குக் கவலையாகிவிட்டது. இன்னும் ஒரு சொம்பு, இன்னும் ஒன்று. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் சின்னதாக, பிறகு அடக்க முடியாமல், கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பதுபோல, தண்ணீர் விழ விழ விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனையோ கதவுக்கு வெளியே நின்று கேட்டவர், இப்படி ஒன்றை அவரே கேட்டிருக்கமாட்டார்.

அக்கா இப்போது மகளோடு ஒசூரில் இருக்கிறார். வீட்டில் ஹீட்டர் இருக்கிறதாம், போனில் சொன்னார். எனக்கு அவர் என்றால் அந்தச் சிரிப்புதான் முதலில் காதில் விழுகிறது.

அன்று படகில், வீட்டம்மாவிடம் சொன்னது கொஞ்ச தூரம்தான் என்பது சொல்தாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கரையைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பத் தொடங்கினார். நாளைக்கு அந்தச் சென்னைக்காரர் வருவாரே என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அவருக்கு வேற படகு கெடைக்கும்" என்றார் அந்த அம்மா, கதவோரத்தை விட்டு நகராமல். "நீங்க இப்பத் திருப்பாதிங்க. கரைக்குப் போனா எஞ்சின நிறுத்திடுவீங்க. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போங்க, உள்ள அவ குளிச்சிகினு இருக்கா."